அரை ரேஷன் ஆட்டக்காரர்

ஆறாங்கட்டைத் தோட்டம், பந்திங்
1943 மே 9

அண்ணன் சபாபதிக்குத் தங்கை இராஜம்மா வணங்கி எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. மாரியாயிக்கு உடம்பெல்லாம் சிரங்கு. எனக்குக் காய்ச்சல் விட்டு நான்கு நாளாகிறது. மற்றபடி குறைவில்லை. அண்ணியின் இருமல் நின்றதா? கனகத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகக் காதில் விழுந்தது, சந்தோஷம்.

இதை யூனுஸ் பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன். கருவாடு ஏற்றிக்கொண்டு அவர் மாதம் இரண்டு மூன்று தடவை கோலாலம்பூர் வருகிறார். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்களாம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள். மூன்று மாத வேலை, சாப்பாடு உண்டு, துணி உண்டு என்று ஆபீஸ் கிராணி காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்று படித்தார். முதலில் பேர் கொடுத்தவர்கள் போனார்கள். போன வாரம் பேர் கொடுக்காதவர்களையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் லயத்து வீடுகளில் மட்டும் ஒன்பது பேர். போனவர்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அடுத்த லோரியில் என் வீட்டுக்காரரை ஏற்றுவார்கள் என்று கிராணி என் முகத்துக்கு நேரே சொன்னார். "கால் ஒடஞ்சவனா இருந்தா என்னம்மா, கணக்குக்கு ஒரு தல வேணும்லா" என்றார்.

உங்கள் பட்டறைக் காற்பந்து டீமில் இருக்கிறவர்களை லோரி தொடுவதில்லை என்று பாய் சொன்னார். கையில் வெள்ளைத் துணிப் பட்டையும் அதில் சிவப்பு முத்திரையும் இருக்குமாம், அதைப் பார்த்தால் சிப்பாய் வழி விடுவானாம். அண்ணா, இவரைத் திரும்பவும் டீமில் எடுத்துக்கொள்ளுங்கள். வயது முப்பத்தேழு ஆகிறது, இடது முழங்கால் மடங்காது, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பந்து எங்கே வரும் என்று இவருக்குத் தெரியும். ஓடிப் போய்த்தான் தடுக்க வேண்டுமா, முன்னாலேயே போய் நின்றுகொண்டால் போதாதா?

ஜப்பான்காரன் வந்த மறு வாரமே பட்டறையில் இவர் பேரை வெட்டியது நீங்கள்தான். அதை நான் இன்றுவரை பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. நான் எழுதுவது இவருக்குத் தெரியாது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
2603 மே 30

தங்கை இராஜம்மாவுக்கு அண்ணன் சபாபதி ஆசிகள். மேலே உள்ள வருஷத்தைப் பார்த்து மிரளாதே. ஜப்பான் கணக்கில் 1943-க்கு இதுதான் பேர், ஆபீசில் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. உன் அண்ணிக்கு இருமல் இருக்கிறது. கனகம் நலம். குழந்தையின் சிரங்குக்கு வேப்பிலையைப் போடு, மருந்து என்று என்னிடம் கேட்டுவிடாதே.

நீ தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டாய். நான் இங்கே மொரிதாவோடு குப்பை கொட்ட வேண்டும். மொரிதா எங்கள் பட்டறை மேனேஜர். காற்பந்து என்றால் அவனுக்குப் பைத்தியம். தோற்றால் எங்களை வரிசையாக நிறுத்தி, எத்தனை கோல் வாங்கினோமோ அத்தனை அறை. போன மாதம் நான்கு வாங்கினோம். டீம் செக்ரட்டரி என்பதால் முதல் அறை எனக்கு. இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

மாப்பிள்ளை ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர்தான், நான் இல்லை என்றேனா? ஐந்து வருஷத்துக்கு முன் போலீஸ் டீமைத் தனியாளாக நிறுத்தினார், பட்டறை முதலாளி ஹட்சன் துரை பாடாங் மைதானத்திலேயே தொப்பியைக் கழற்றினார். அந்த ஹட்சன் துரையே இன்று சிறையில் இருக்கிறார். கடைசியாக மாப்பிள்ளை ஆடியதை நான் பார்த்தேன். பந்து தாண்டிப் போய்க் கோலுக்குள் விழுந்த பிறகுதான் திரும்பினார். சின்னப் பையன்கள் இரண்டு பக்கமும் ஓடுகிறார்கள், இவர் நடுவில் நின்று கையை நீட்டிக் கத்துகிறார். கத்துவதற்கு ஒரு ரேஷனா?

முழு ரேஷன் ஆள் ஒருவரைச் சேர்த்தால் இன்னொருவரை வெட்ட வேண்டும். யாரை வெட்டச் சொல்கிறாய், நாகையாவையா? இருபத்திரண்டு வயது, ஆறு ஆட்டத்தில் ஒன்பது கோல். அவனைத்தான் கனகத்துக்குப் பேசியிருக்கிறோம்.

இருந்தாலும் நீ கூடப்பிறந்தவள். ஒரு கிழட்டு பேக் ஆட்டக்காரர் பின்னால் நின்றால் பையன்கள் கொஞ்சம் அடங்குவார்கள் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. எவ்வளவுக்கு வருவார் என்று நீயே சொல். குறைவாகச் சொல்லு. அதிகம் சொன்னால் இந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சபாபதி


ஆறாங்கட்டைத் தோட்டம்
1943 ஜூன் 6

அண்ணனுக்கு இராஜம்மா வணக்கம். வேப்பிலை போட்டேன், மாரியாயிக்குச் சிரங்கு காய்கிறது. உங்கள் காது எப்படி இருக்கிறது? வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் விடலாம், எண்ணெய் கிடைத்தால்.

அரை ரேஷன் கொடுங்கள் போதும். நான் சும்மா கெஞ்சவில்லை, நியாயத்தைத்தான் சொல்கிறேன். அவர் இப்போது அரை ஆள்தான், அரை ஆளுக்கு அரை ரேஷன். பூட்ஸ் வேண்டாம், வெறுங்காலில் ஆடுவார். மற்றவர்களின் சட்டைகளைத் துவைத்துப் போடுவார். மீதி அரை ரேஷனை நீங்கள் என்ன செய்தாலும் நான் கேட்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று. இது எதுவும் அவருக்குத் தெரியக் கூடாது. மொரிதாவே பேர் சொல்லிக் கேட்டு அழைத்ததாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த மனுஷர் வர மாட்டார், சயாமுக்கே போகிறேன் என்பார். அவ்வளவு ரோஷம். அந்த ரோஷத்தில் பாதி முழங்காலில் இருந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டாம்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தோட்டத்துக்கு லோரி வந்துவிட்டுப் போயிருக்கிறது.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
2603 ஜூன் 20

இராஜம்மாவுக்கு அண்ணன் எழுதுவது. அனைவரும் நலம், காதைத் தவிர.

மாப்பிள்ளையை டீமில் எடுத்தாயிற்று. நீ எழுதியபடியே அரை ரேஷன், பூட்ஸ் இல்லை, துவைக்கிற வேலை உண்டு. படுக்கை பட்டறைக்குள்ளேயே. மொரிதா கேட்டதாக அவருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், அதை அவரிடம் கொடு. இதை அவர் கண்ணில் காட்டாதே.

முக்கியமான விஷயம்: தோட்டத்துச் செக்ரோல் பதிவில் பேர் இருக்கிறவரை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. ஒரு ஆள் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டு இடத்திலும் உதை விழும். கிராணியைப் பார்த்துப் பேரை வெட்டச் சொல்லி, வெட்டியதற்குச் சீட்டு வாங்கி அவரிடம் கொடுத்தனுப்பு. சீட்டு இல்லாமல் வந்தால் வாசலிலேயே திருப்பிவிடுவேன்.

நீயும் குழந்தையும் அங்கேயே இருங்கள். இங்கே இடமில்லை.

சபாபதி


பிரிக்பீல்ட்ஸ் பட்டறை
1943 ஜூலை 25

இராஜம்மாவுக்குக் கன்னையா. நான் மிகவும் சௌக்கியம். நீயும் பாப்பாவும் சௌக்கியமா? பாப்பா பல் விழுந்துவிட்டதா, ஆடிக்கொண்டிருந்ததே.

மொரிதா என் பேரைக் கேட்டான் என்றதும் நீ குனிந்துகொண்டாயே, நம்பவில்லைதானே? வந்து பார்க்க வேண்டும் நீ. நேற்று செந்தூல்காரர்களோடு ஆட்டம், ஒன்றுக்குச் சைபர் என்று ஜெயித்தோம். அவர்களுடைய சென்டர் ஆட்டக்காரன் காற்றாகப் பறக்கிறான். நான் பறக்கவில்லை. அவன் எந்தக் காலால் அடிப்பான் என்று பார்த்து அந்தப் பக்கம் போய் நின்றேன். மூன்று தடவை என் நெஞ்சிலேயே அடித்தான். நான்காவது தடவை முழங்கால் வழுக்கி மல்லாக்க விழுந்துவிட்டேன், ஆனாலும் பந்து என் மேல் பட்டு வெளியே போயிற்று. மொரிதா எழுந்து நின்று சிரித்துக் கை தட்டினான். ஆட்டம் முடிந்ததும் "ஓராங் துவா, பாகுஸ்" என்று சொல்லிச் சிகரெட் கொடுத்தான். கிழவனாம், ஆனால் நல்ல ஆளாம். பட்டறையில் வேறு யாருக்கும் அவன் சிகரெட் கொடுத்ததில்லை.

சட்டைகளை நான்தான் துவைக்கிறேன். இந்தப் பையன்களுக்குத் துவைக்கத் தெரியவில்லை, கல்லில் அடித்துக் கிழித்துவிடுவார்கள். அதற்குத்தான் மச்சான் என்னிடம் கொடுத்திருக்கிறார்.

இங்கே ரேஷன் குறைவுதான், எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். அதில் பாதியைப் பாய் கையில் அனுப்பியிருக்கிறேன். பாப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடு.

கைப்பட்டை எனக்கு இன்னும் வரவில்லை. துணி வந்ததும் தைத்துத் தருவதாக மச்சான் சொன்னார். நான் பட்டறையை விட்டு எங்கும் போவதில்லை, அவசரமில்லை.

கன்னையா


ஆறாங்கட்டைத் தோட்டம்
1943 ஆகஸ்ட் 8

அண்ணனுக்கு இராஜம்மா. உங்கள் காது, அண்ணியின் இருமல், கனகத்தின் கல்யாணப் பேச்சு எல்லாம் எப்படி இருக்கின்றன? இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

பேரை வெட்டியதும் கிராணி எங்கள் அரிசியையும் வெட்டிவிட்டார். இந்தத் தோட்டத்து ஆளே இல்லை, உனக்கு எதற்கு அரிசி என்கிறார். மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். இந்த நேரத்தில் அவர் அரிசி அனுப்பியிருக்கிறார். அரை ரேஷனில் பாதி. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பாய் பையை நீட்டும்போது எனக்கு வாங்கக் கை வரவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். மாரியாயி கஞ்சியை வழித்துச் சாப்பிட்டாள்.

நான் எழுதுவது அதற்காக இல்லை. அவருக்கு இன்னும் கைப்பட்டை இல்லையாம், துணி வரவில்லை என்றீர்களாம். துணிதான் குறை என்றால், அவருடைய கல்யாண வேட்டியில் ஒரு முழம் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, பாய் கொண்டுவரும் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். கட்டுவதற்கு நாடாவும் வைத்துத் தைத்திருக்கிறேன். நீங்கள் முத்திரையை மட்டும் குத்துங்கள். அது ஒரு நிமிஷ வேலை.

பதிலை இந்த நடையிலேயே பாயிடம் கொடுத்தனுப்புங்கள்.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
2603 செப்டம்பர் 19

இராஜம்மாவுக்கு அண்ணன் எழுதுவது. பாய் வந்தபோது எழுத நேரமில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் அண்ணிக்கு இருமல் பரவாயில்லை. எனக்குக் காது அடைத்தது அடைத்தபடியே இருக்கிறது. அதனால் ஒரு நன்மை, மொரிதா கத்துவது பாதிதான் கேட்கிறது.

நீ அனுப்பிய பொட்டலம் கிடைத்தது.

கனகத்துக்கு நிச்சயம் செய்துவிட்டோம். சர்க்கரை கிடைக்காததால் சபைக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்து வைத்தோம், யாரும் குறை சொல்லவில்லை. நாகையா தங்கமான பையன். பாவம், நிச்சயத்துக்கு மறுநாளே ஆட்டத்தில் கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு மாதம் ஆட முடியாது. கல்யாணப் பையனை வற்புறுத்தக் கூடாது என்று நானும் விட்டுவிட்டேன். ஆடாவிட்டாலும் அவன் டீம் ஆள்தான், மொரிதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த இடத்துக்கு ஆள் குறைந்ததால் ஒவ்வோர் ஆட்டமும் மாப்பிள்ளையைத்தான் இறக்குகிறேன். சும்மா சொல்லக் கூடாது, முதல் அரைமணி நேரம் நன்றாக நிற்கிறார். அதற்குப் பிறகு மூச்சு வாங்குகிறது, கண் செருகுகிறது. ரேஷன் போதவில்லையோ என்னவோ. மொரிதாவுக்கு அவர் விழுவதைப் பார்க்க ரொம்பப் பிடித்திருக்கிறது. "கிழவன் இறங்கினானா?" என்று கேட்டுக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருகிறான். அந்த வகையில் உன் புருஷனால் எங்களுக்கு அறை குறைந்திருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன்.

அடுத்த மாதம் கிள்ளானில் துறைமுகத்து டீமோடு ஆட்டம்.

குழந்தையைக் கேட்டதாகச் சொல்.

சபாபதி


பட்டறை
1943 அக்டோபர் 9

இராஜம்மாவுக்கு. நான் நலம்.

நாகையாவின் காலில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். நேற்று அந்தக் கட்டைத் துவைத்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் போட்டான். வேட்டித் துணி. ஓரத்தில் உன் தையல். நாடாவும் நீ வைக்கிற மாதிரியே வைத்திருந்தது.

மச்சானிடம் கேட்டேன். முதலில் ஏதோ சொன்னார். நான் விடவில்லை. பிறகு அவருக்குக் கோபம் வந்து, நீ எழுதிய கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "படி, ஒம் பொண்டாட்டி போட்ட ரேட்டுதான் இது" என்றார். படித்தேன். அவர் இப்போது அரை ஆள்தான் என்று எழுதியிருந்தாய்.

மொரிதா என்னைக் கேட்கவே இல்லை. அவன் எதற்குச் சிரிக்கிறான் என்பதும் இப்போது தெரிகிறது.

இந்த மாத ரேஷனை முழுவதும் அனுப்பியிருக்கிறேன். எனக்கு வேண்டாம்.

நாளைக்குக் கிள்ளானில் ஆட்டம். ஆடுவேன்.

கன்னையா


பிரிக்பீல்ட்ஸ்
2603 நவம்பர் 28

இராஜம்மாவுக்கு அண்ணன் எழுதுவது. இறைவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாரியாயியும் சுகமாக இருக்க வேண்டும்.

கனகத்தின் கல்யாணம் இம்மாதம் பதினான்காம் தேதி சிக்கனமாக நடந்தது. நாகையா பிசகிய காலோடு மணையில் உட்கார்ந்தான், பாவமாக இருந்தது. உன்னை அழைக்க ஆள் கிடைக்கவில்லை. உன் அண்ணிக்கு அந்தக் குறை இருக்கிறது.

உன் புருஷன் சயாம் போயிருக்கிறார். கிள்ளானில் ஆட்டம் முடிந்து ரயில் நிலையத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றிருந்தோம், அவர் பக்கமாகத்தான் இரண்டும் போயின. சந்தில் லோரி நின்றது. சிப்பாய் ஒவ்வொருவன் கையாகப் பார்த்தான். மாப்பிள்ளைக்குக் கைப்பட்டை இல்லை. பட்டறை ரோலில் பதினோரு பேர்தான், நாகையாவையும் சேர்த்து. அரை ரேஷன் ஆளை ரோலில் எழுத முடியாது, எழுதினால் முழு ரேஷன் கொடுக்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் பேசிப் பார்த்தேன். ஜப்பான்காரனிடம் எவ்வளவு பேச முடியும்?

மூன்று மாதத்தில் வந்துவிடுவார். அங்கே சாப்பாடு தாராளமாம்.

துணி துவைக்க வேறு ஆள் பார்த்திருக்கிறேன்.

சபாபதி


ஆறாங்கட்டைத் தோட்டம்
1944 ஜனவரி 2

அண்ணனுக்கு. கனகத்தின் கல்யாணம் முடிந்ததில் சந்தோஷம்.

அரை ரேஷன் ஆளை ரோலில் எழுத முடியாது என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதவில்லை. தெரிந்திருந்தால் இங்கேயே பேரை விட்டுவைத்திருப்பேன். காட்டுக்குள் ஒளித்துவைத்துக் கிழங்கு போட்டிருப்பேன். எத்தனை பெண்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பேசிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிப்பாயிடம் நீங்கள் என்ன பேசினீர்கள்? அந்த வார்த்தையை மட்டும் எழுதி அனுப்புங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

உங்கள் காது சௌக்கியமா?

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
1945 அக்டோபர் 21

அன்புத் தங்கை இராஜம்மாவுக்கு உன் அண்ணன் ஆயிரம் ஆசிகள். எழுதி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. யூனுஸ் பாய் வருவதை நிறுத்திவிட்டார், தபாலை நம்ப முடியாது, காரணம் உனக்கே தெரியும். சண்டை முடிந்தது, நாம் உயிரோடு இருக்கிறோம். வருஷத்தையும் பழையபடி போடலாம். மாரியாயி வளர்ந்திருப்பாள். கனகத்துக்கு ஆண் குழந்தை, எட்டு மாதம். உன் அண்ணிக்கு இருமல் போய்விட்டது, எனக்கு ஒரு காது போய்விட்டது.

மாப்பிள்ளையைப் பற்றி ஏதாவது சேதி உண்டா? சயாமிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் வாரம் ஒரு தடவை ரயில் நிலையம் போய்ப் பார்க்கிறேன்.

ஹட்சன் துரை வந்துவிட்டார். எலும்பும் தோலுமாக இருக்கிறார், கண் மட்டும் பழையபடி இருக்கிறது. பட்டறையைத் திறக்கப் போகிறார், டீமையும் திரும்பச் சேர்க்கப் போகிறார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வேர் இஸ் மை கன்னையா?" எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜப்பான்காரனோடு வேலை செய்தவர்களைப் பற்றி இப்போது விசாரணை நடக்கிறது. பொறாமை பிடித்த சிலர் என்னைப் பற்றியும் கண்டதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தேனாம். துரை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நீ ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். கஷ்ட காலத்தில் என் கணவர் கால் முடியாமல் இருந்தும் என் அண்ணன் அவரை டீமில் வைத்துக் காப்பாற்றினார் என்று நான்கு வரி. கன்னையாவின் மனைவி எழுதினால் துரை நம்புவார்.

பட்டறையில் உனக்கு ஒரு வேலையும் பின்கட்டில் ஓர் அறையும் நான் பார்த்துத் தருகிறேன். முழு ரேஷன். இந்த வாரமே எழுது.

உன் அன்பு அண்ணன்,
சபாபதி


ஆறாங்கட்டைத் தோட்டம்
1945 நவம்பர் 4

அண்ணன் சபாபதிக்கு இராஜம்மா எழுதுவது. நான் சுகம். மாரியாயி போன வருஷம் ஆடி மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். அவளைக் கேட்டு எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் ரயில் நிலையம் போய்ப் பார்க்க வேண்டாம். எங்கள் லயத்து வேலாயுதம் போன மாதம் திரும்பி வந்தான். கிழங்கு விற்கக் கிள்ளான் போன இடத்தில் அவனைப் பிடித்தார்கள். அவரை ஏற்றிய அதே லோரியில் அவன் முன்னாலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். நான்கு மாதம் இருவரும் ஒரே குடிசையில் இருந்தார்கள். முழங்காலில் கல் பட்டுப் புண்ணாகி, புண் எலும்புவரை போயிற்றாம். மாசி மாதத்தில் ஒரு நாள் செத்துப்போனார். மூங்கில் காட்டில் போட்டார்களாம், இடம் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு.

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "பந்து கதைதான் பேசுவாரு அக்கா, வேற ஒண்ணும் பேசமாட்டாரு" என்றான். திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒன்றும் இல்லையாம். உங்களைப் பற்றியும் ஒன்றும் இல்லையாம்.

நான் கேட்டு நீங்கள் எழுதாத வார்த்தையையும் வேலாயுதம் சொன்னான். சிப்பாய் மலாயில் கேட்டிருக்கிறான், "இவன் உன் டீமா?" என்று. நீங்கள் கையில் லிஸ்டை வைத்துக்கொண்டு, "இல்லை, சட்டை துவைக்கிறவன்" என்று சொன்னீர்களாம். பக்கத்தில் நாகையா கைப்பட்டையோடு நொண்டிக்கொண்டு நின்றானாம். என் வீட்டுக்காரர் அப்போதும் ஆட்டச் சட்டையில்தான் இருந்தாராம், முட்டியெல்லாம் சேறு. உங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தானாகவே லோரியில் ஏறிக்கொண்டாராம். நீங்கள் சொன்னது பொய்யில்லை. துவைப்பார் என்று எழுதிக் கொடுத்தது நான்தான்.

நீங்கள் கேட்ட கடிதத்தை ஹட்சன் துரைக்கு நேராகவே தபாலில் போட்டுவிட்டேன். நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்கள் எழுதியதையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தேன், தேதி வரிசையில் அடுக்கி அனுப்பினேன். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் படித்துச் சொல்ல ஆள் இருக்கும். என்னுடைய கடிதங்கள் உங்கள் மேஜையில் இருக்குமே, அவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அரை ரேஷன் என்று முதலில் சொன்னவள் யார் என்று துரைக்குத் தெரியட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவர் எனக்கு எழுதியது இரண்டே இரண்டு. சிகரெட் கொடுத்த கதையை எழுதியிருந்தாரே, அதையும் துரைக்கு அனுப்பினேன், தன் ஆட்டக்காரரைப் பற்றி அவரும் தெரிந்துகொள்ளட்டும். மற்றதை அனுப்பவில்லை. அது எனக்கு வந்த கடிதம்.

வேலையும் அறையும் வேண்டாம்.

அண்ணிக்கும் கனகத்துக்கும் பேரக் குழந்தைக்கும் என் விசாரிப்பைச் சொல்லுங்கள். நாகையாவின் கால் குணமாகிவிட்டதா?

இராஜம்மா